கையுறையும் சைகைமொழியும்

1983ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கக் காப்புரிமைப் பணிமனை ஒரு கையுறைக்கு உரிமைப் பத்திரம் வழங்கிற்று. அதனை ஆக்கியவர் கேரி கிரைம்ஸ் என்னும் பொறியியலாளர். விரல்களின் அசைவையும் தொடுகையையும் அறியும் உணர்கருவிகள் அக்கையுறையிற் பொருத்தப்பட்டிருந்தன. அதனை அணிந்துகொண்டு, செவிப்புலனற்றோர் வழங்கும் ஒற்றைக்கை விரலெழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், கணனி அவற்றை எழுத்துக்களாக ஏற்றுக்கொள்ளும். மனிதனுடைய கையைக் கணனி வாசிக்கக் கற்ற முதன் முயற்சிகளுள் இஃதொன்று.

கிரைம்ஸ் பணியாற்றிய இடம் பெல் தொலைபேசி ஆய்வுகூடம். பெல் என்றால் யார்? தொலைபேசியைக் கண்டவர் என்று எமது பாடநூல்கள் போற்றும் அதே அலெக்சாந்தர் கிரகாம் பெல்தான். செவிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வியிலிருந்து சைகைமொழியை அகற்றவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிய மனிதரும் அவரே. சைகைமொழியைத் துரத்த முனைந்தவரின் பெயர் தாங்கிய நிறுவனம், ஏறக்குறைய நூறாண்டின் பின், அச்சைகையின் எழுத்துக்களை இயந்திரத்துக்குக் கற்பிக்க முனைந்தது. இம்முரண்பாட்டை ஒரு வேடிக்கை எனக் கூறிவிட்டு அப்பாற் செல்லலாம். ஆனால், சைகைமொழியை அறிந்து மொழிபெயர்க்கும் கணனிகளின் வரலாறு முழுவதிலும் இம்முரண்பாடு ஊடுருவிச் செல்வதால், அதனைச் சற்று நின்று நோக்கவேண்டியுள்ளது.

‘ஊமை கண்ட கனவு’ என்று எம்மவர் ஓர் உவமை கூறுவதுண்டு. கண்டதைச் சொல்ல வகையற்ற நிலைக்கு அதனை எடுத்துக்காட்டாக வழங்குவர். உண்மை யாதெனில், அவன் தன் கனவைத் தன் போன்றாரிடத்துக் கைகளால் விரிவாகவே சொல்லுகின்றான். விளங்கிக்கொள்ள வகையற்றவர் நாமே. அவ்வாறாயின் இக்கணனிகள் யாருடைய குறையைத் தீர்க்க ஆக்கப்பட்டவை? ‘வாயற்றோருக்கு வாய் கொடுத்த இயந்திரம்’ என்ற தோரணையிலேயே பத்திரிகைகள் இவற்றைப் பற்றி எழுதிவந்துள்ளன. அத்தோரணைக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று கிடக்கின்றது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ் படித்தவர்கள் சைகைமொழி என்றதும் நாட்டிய முத்திரைகளை நினைத்துக்கொள்வர். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் ஒற்றைக் கையாகிய பிண்டி 33 என்றும், இரட்டைக் கையாகிய பிணையல் 15 என்றும் வகுத்து விளக்குகின்றார். பல்கலைக்கழகத்தில் அப்பகுதியைப் படித்த காலத்தில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் அபிநயத்தின் கை பாட்டின் சொல்லைப் பின்தொடர்வது. பாட்டு நின்றால் அதுவும் நின்றுவிடும். சைகைமொழி எந்தப் பாட்டையும், எந்தப் பேச்சுமொழியையும் பின்தொடர்வதன்று. அதற்கெனச் சொல்லும் இலக்கணமும் உண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே சைகைமொழி வழங்குவதாக நினைப்பதும் தவறு. ஆங்கிலம் இருநாட்டுக்கும் பொதுவாயினும், அமெரிக்கச் சைகைமொழியும் பிரித்தானியச் சைகைமொழியும் வெவ்வேறானவை. முன்னையது விரலெழுத்தை ஒரு கையாற் காட்ட, பின்னையது இரு கைகளாற் காட்டும். அமெரிக்கச் சைகைமொழிக்கு நெருங்கிய உறவு பிரான்சிலேயே உண்டு.

பிரான்சிலிருந்தே கதையைத் தொடங்கலாம். 1760ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் அபே டெ லெப்பே என்னும் மதகுரு செவிப்புலனற்ற ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். பிள்ளைகளின் சைகைகளைக் கல்விக்குரிய வாயிலாக ஏற்றுக்கொண்ட பெருமை அவருக்குரியது. ஆயினும் அச்சைகைகளை இருந்தவாறே விட அவர் மனம் ஒப்பவில்லை. பிரெஞ்சு மொழியின் பால், காலம், உருபு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சைகையைப் புனைந்து சேர்த்தார். கையைப் பேச்சுமொழியின் அச்சில் வார்த்தெடுக்கும் ஆசை அன்றே தோன்றிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1779இல் அப்பாரிஸ் நகரிலேயே ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் பியர் டெலோஜ். புத்தகம் கட்டும் தொழிலாளி. சிறுவயதில் அம்மை நோயினாற் செவிப்புலனை இழந்தவர். பாரிசின் செவிப்புலனற்றோர் தமக்குள் வழங்கும் மொழியை, பாடசாலை வாசலையே மிதியாத தொழிலாளர் ஒருவருக்கொருவர் கற்பித்து வளர்த்த மொழியை, அது எதனையும் கூறவல்லது என்று அந்நூலில் எடுத்துரைத்தார். செவிப்புலனற்ற ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூலாக ஆய்வாளர் பலர் இதனையே கொள்வர். மதகுருவின் பெயரை உலகம் அறியும். புத்தகம் கட்டியவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலர்.

அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்தது பெருங்கொடுமை. 1880ஆம் ஆண்டு செப்டெம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோரின் ஆசிரியர்கள் மகாநாடு கூடிற்று. பிரதிநிதிகள் 164 பேர். அவர்களுட் செவிப்புலனற்றவர் ஒரேயொருவர். சைகையிலும் வாய்ப்பேச்சே மேலானது, கல்வியில் அதற்கே முதலிடம் தரவேண்டும் என்ற தீர்மானம் 160க்கு 4 என்ற வாக்குகளால் நிறைவேறிற்று. அதன்பின் ஐரோப்பா எங்கும் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலையிழந்தனர். பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்தும் அடித்தும் உதட்டசைவைப் படிக்கச் செய்தனர். ஒரு மொழியைப் பேசுவோருள் ஒருவரை மாத்திரம் உட்காரவைத்து, அம்மொழியின் தலைவிதியைப் பிறர் வாக்கெடுத்துத் தீர்மானித்த வேறொரு நிகழ்ச்சியை நாம் அறியோம்.

மிலானைத் தூற்றுவது எளிது. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் காது மிகவும் மந்தமான மாணவன் ஒருவன் இருந்தான். முன் வாங்கில் இருத்தி, உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளுமாறு கூறிவிட்டால் எமது கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். கரும்பலகையில் உள்ளதை முத்துப்போன்ற எழுத்தில் எழுதுவான். நாமும் மகிழ்ந்து புள்ளியிட்டோம். ஒருநாள் ‘மரம்’, ‘பரம்’ என்னும் இரு சொற்களையும் கண்ணாடி முன்னின்று நாமே சொல்லிப்பார்த்தபோதுதான், உதட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதைக் கண்டோம். மாடும் பாடும் அப்படியே. மணமும் பணமும் அப்படியே. கீழ்வகுப்பிற் படித்த அவனுடைய தங்கை இடைவேளையில் ஓடிவந்து கைகளால் அவனுக்குப் பாடத்தை விளக்குவாள். ‘கையை ஆட்டிக் கதையாதே’ என்று அவளை ஒருமுறை நாம் கடிந்ததுமுண்டு. அவ்வேளையில் மிலான் மகாநாட்டைப் பற்றி நாம் எதுவும் படித்திருக்கவில்லை.

கிரகாம் பெல்லின் தாய்க்கும் மனைவிக்கும் செவிப்புலன் குறைவு. அவருக்குச் சைகை நன்றாகத் தெரியும். தெரிந்தும் எதிர்த்தார், செவிப்புலனற்றோர் தமக்குள் மணம்புரிவதால் மனித குலத்துள் ஒரு செவிட்டு இனம் உருவாகிவிடும் என்றுகூட 1880களில் நூல் எழுதினார். அவர் 1876இல் உலகுக்களித்த தொலைபேசி, உலகத்தையே இணைத்தது என்பர். செவிப்புலனற்ற தொழிலாளியைப் பொறுத்தவரையில் அது பூட்டிய கதவாயிற்று. தொலைபேசியில் பதில் கூற முடியாதவனுக்கு வேலையில்லை என்ற நிலை படிப்படியாக வளர்ந்தது.

அக்கதவு திறக்க 88 ஆண்டுகள் சென்றன. 1964இல் கலிபோர்னியாவில் றொபேட் வைற்பிறெக்ற் என்னும் பௌதிகவியலாளர், டெலிபிரிண்டரின் எழுத்தை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் கருவியொன்றைச் செய்தார். அவர் செவிப்புலனற்றவர். மறுமுனையில் இருந்து பரிசோதித்த பல் வைத்தியரும் செவிப்புலனற்றவரே. தொலைபேசிக் கம்பனி தன் கம்பியிற் பிறர் கருவி எதனையும் நேரே இணைக்க இடந்தராத காலம் அது. ஆகவே தொலைபேசிக் கைபிடியைக் கழற்றாமல், ஒரு தொட்டிலில் வைத்து, ஒலியாகவே செய்தியை ஊட்டினார்கள். கம்பனிகள் கழித்துவிட்ட பழைய டெலிபிரிண்டர்களைச் செவிப்புலனற்ற தொண்டர்கள் தேடித் திரட்டித் தாமே திருத்தி வீடுவீடாகப் பொருத்தினர். பாரமும் இரைச்சலும் மிகுந்த அவ்விரும்புப் பெட்டிகளிற் புதுமை என்று பெரிதாக எதுவுமில்லை. ஆயினும் அவை வேலை செய்தன. தமக்கு எது தேவை என்பதைத் தாமே அறிந்தவர்கள் செய்த கருவி அது. பின்னர் நாம் கூறப்போகும் கையுறைகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம்.

இதே காலத்தில் வொஷிங்டனில், செவிப்புலனற்றோருக்கெனவே 1864இல் நிறுவப்பட்ட கலொடெற் கல்லூரியில், வில்லியம் ஸ்டோக்கி என்னும் ஆங்கில இலக்கிய ஆசிரியர் வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் மொழியியலாளராகப் பயின்றவரல்லர். மாணவரின் கைகளை உற்றுநோக்கியவர். ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு என்னும் உறுப்புக்களாற் கட்டப்பட்டது. எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாவது போல இவ்வுறுப்புக்கள் சேர்ந்து சைகையாகின்றன என்று 1960இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். சகாசிரியர் பலர் நகைத்தனர். 1965இல், செவிப்புலனற்றவர்களான டொறதி காஸ்டர்லைன், கார்ல் குறோன்பேர்க் ஆகிய இருவரோடும் சேர்ந்து ஓர் அகராதியை வெளியிட்டார். அதன் அடைவு ஆங்கில அகரவரிசை அன்று. கைவடிவம் முதலிய உறுப்புக்களின் வரிசை. சைகையைக் கண்டவர் அதன் பொருளைத் தேடிக் காணக்கூடிய முதல் அகராதி அதுவே எனலாம்.

கணனியாளர்கள் இத்துறைக்குள் வந்தபோது ஸ்டோக்கி காட்டிய உறுப்புக்களை எடுத்துக்கொண்டனர். அவர் யாரோடு சேர்ந்து வேலை செய்தார் என்பதைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. 1980களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற் ‘பேசும் கையுறை’ ஒன்று ஆக்கப்பட்டது. விரலெழுத்தைப் படித்து அதனைக் குரலாக ஒலிக்கவல்லது அது.

அதே காலத்தில், 1988 மார்ச்சில், அந்நாட்டின் மறுகரையில் நடந்ததைக் கூறாமல் மேலே செல்ல முடியாது. கலொடெற் அப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது. 124 ஆண்டுகளாக அதற்குச் செவிப்புலனற்ற தலைவர் ஒருவர்கூட இருந்ததில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த மூவருள் இருவர் செவிப்புலனற்றவராயிருந்தும், சைகைமொழியே அறியாத மூன்றாமவரை ஆட்சிக்குழு தெரிவுசெய்தது. மாணவர்கள் பல்கலைக்கழக வாயில்களை மூடினர், வகுப்புக்களைப் பகிஷ்கரித்தனர், பாராளுமன்றக் கட்டிடத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். அவர்கள் வைத்த கோரிக்கைகள் நான்கு: செவிப்புலனற்ற ஒருவர் தலைவராக வேண்டும், ஆட்சிக்குழுத் தலைவி விலகவேண்டும், ஆட்சிக்குழுவில் 51 வீதம் செவிப்புலனற்றோராதல் வேண்டும், போராடியவர் எவரும் பழிவாங்கப்படலாகாது. ஒரு வாரத்தில் நான்கும் கிடைத்தன. கிங் ஜோர்டன் முதலாவது செவிப்புலனற்ற தலைவரானார். அந்நான்கு கோரிக்கைகளுள் கையுறை இல்லை.

1990களிற் கமரா கையுறையின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் தாட் ஸ்டாணர் என்னும் மாணவர், 1995 முதல், கமராவில் விழும் கைகளின் தோற்றத்தைக் கணனிக்குக் கற்பித்தார். அவர் கையாண்ட கணித முறைக்கு மார்க்கோவின் பெயர் இடப்பட்டுள்ளது. ருஷ்யக் கணித அறிஞரான அந்திரேய் மார்க்கோவ் 1913இல் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ காவியத்திலிருந்து 20,000 எழுத்துக்களை எடுத்து, உயிருக்குப் பின் மெய் வருவது எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் வருவது எத்தனை முறை என்று கையாலேயே எண்ணிக் கணக்கிட்டார். ஒன்றன்பின் எது வரும் என்பதை முன்னதிலிருந்து ஊகிக்கும் கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. இலக்கியம் பயனற்றது என்று எம்மிடம் வாதிடும் கணித ஆசிரியர்களுக்கு இதனை நினைவூட்டுவது எமது வழக்கம்.

ஸ்டாணரின் கணனி 40 சொற்களை அறிந்தது. கமராவை மேசையில் வைத்தபோது 92 வீதமும், சைகை செய்பவரின் தொப்பியிற் பொருத்தியபோது 98 வீதமும் சொற்கள் சரியாயின. இலக்கங்கள் கவர்ச்சியானவை. ஆனால் சைகை செய்தவர் ஒருவரே. வாக்கியங்களின் அமைப்பும் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. இன்னொன்றும் உண்டு. தொப்பியிலிருந்து கீழ்நோக்கும் கமராவுக்குக் கைகள் நன்றாகத் தெரியும். முகம் தெரியவே தெரியாது.

முகம் தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கச் சைகைமொழியிற் புருவத்தை உயர்த்தினால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடைவேண்டும் வினா. புருவத்தைச் சுருக்கினால் ‘யார்’, ‘எங்கே’ போன்ற வினா. தலையை அசைத்தால் எதிர்மறை. கைகள் ஒரே சைகைகளைச் செய்துகொண்டிருக்க, முகம் அதனைக் கூற்றாகவோ வினாவாகவோ மறுப்பாகவோ ஆக்கிவிடுகின்றது. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தானா’, ‘வந்தானல்லன்’ என்பவற்றின் விகுதியையும் இடைச்சொல்லையும் வெட்டிவிட்டு, அடிச்சொல்லை மாத்திரம் படிக்கும் ஒருவரைக் கற்பனை செய்க. மேலும், பேசுவோன் தன் முன்னுள்ள வெளியில் ஓரிடத்தில் ஒருவரையும் இன்னோரிடத்தில் மற்றவரையும் நிறுத்திக்கொள்வான். ‘கொடு’ என்னும் சைகை எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பதே கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதை உணர்த்தும். எமது வேற்றுமையுருபு செய்யும் வேலையை அங்கே வெளி செய்கின்றது.

இவை யாவும் ஸ்டோக்கியின் பின்வந்த மொழியியலாளர் தெளிவாக எழுதிவைத்தவை. அவ்வாறிருந்தும் 2016இல், வொஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் ஆக்கிய ‘பேசும்’ கையுறைகளுக்கு 10,000 டொலர் பரிசு வழங்கப்பட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைகைமொழி ஆசிரியர்களும் மொழியியலாளர் ஒருவரும் பகிரங்கக் கடிதம் எழுதினர். கையுறை காண்பது கையை மாத்திரமே; செவிப்புலனற்றோரைக் கலந்தாலோசியாமல் அவர்களுக்கெனக் கருவி செய்வது தகாது என்பது அதன் சாரம். 2020இல் கலிபோர்னியாவிலிருந்து வேறொரு கையுறை வந்தது. 660 சைகைகள், 98 வீதத்துக்கு மேற்பட்ட செம்மை, முகத்தில் ஒட்டும் உணர்கருவிகள். கண்டனமும் மீண்டும் வந்தது. அம்மாணவர்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடு உழைத்தவர்கள். செவிப்புலனுள்ளவன் கையுறை அணியத் தேவையில்லை, சைகை கற்கத் தேவையில்லை. பாரம் முழுவதையும் மற்றவனே சுமக்கவேண்டும் என்ற ஏற்பாடு எவர் கண்ணிலும் படாது போனமையே ஆராயத்தக்கது.

இன்று கமராவும் நரம்புவலைக் கணனிமுறையும் கையுறையைப் பெரும்பாலும் பின்தள்ளிவிட்டன. இம்முறைக்கு ஏராளமான எடுத்துக்காட்டுக்கள் வேண்டும். ஜேர்மனியின் ஃபீனிக்ஸ் தொலைக்காட்சி தன் செய்திகளைச் சைகைமொழியிலும் வழங்கிற்று. 2009 முதல் 2011 வரையிலான அதன் வானிலை அறிக்கைகளை ஆகன் நகர ஆய்வாளர் திரட்டினர். அத்திரட்டைக் கொண்டு, சைகைகளைப் பெயரிட்டு அறிவதோடு நில்லாமல் ஜேர்மன் வாக்கியமாகவே மொழிபெயர்க்கும் முயற்சி 2018இல் வெளிவந்தது. 8,257 வாக்கியங்கள், 1,066 சைகைகள், 9 பேர். மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு எவ்வளவு ஒத்துள்ளது என்பதை 100க்கு அளக்கும் அளவுகோலில், காணொளியிலிருந்து நேரே மொழிபெயர்த்தபோது 10ஐக்கூட எட்டவில்லை. சைகைகளுக்கு மனிதர் இட்டுவைத்த பெயர்க்குறிப்புக்களைத் துணைக்கொண்டபோது 18ஐ எட்டியது. அதன்பின் இவ்வளவுகள் உயர்ந்துள்ளன. எனினும், பல ஆண்டுகளாக இத்துறையின் உரைகல்லாக இருந்தது மழை, காற்று, வெயில் பற்றிய பேச்சு என்பதை மறத்தலாகாது. அங்கே சைகை செய்தவர்களும் செவிப்புலனுள்ள மொழிபெயர்ப்பாளர்களே. ஜேர்மன் மொழி காதில் விழ விழ, அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கை அசைத்தவர்கள். வழக்கை நீதிமன்றில் எடுத்துரைக்கும் செவிப்புலனற்ற தொழிலாளியின் மொழியோ, பிரசவ வார்ட்டில் வலியைக் கூறும் பெண்ணின் மொழியோ அதிலில்லை.

பணத்தின் கதையும் இங்கே வந்துசேர்கின்றது. நல்ல மொழிபெயர்ப்பாளரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்; அவருக்குச் சம்பளம் கொடுக்கவும் வேண்டும். இயந்திரம் வந்துவிட்டது என்றால், மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றுவிக்கும் செலவை வெட்டுவதற்கு நிர்வாகிகளுக்குக் காரணம் கிடைத்துவிடும். 2018இல் உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனமும் சைகைமொழிபெயர்ப்பாளர்களின் உலகச் சங்கமும் கூட்டறிக்கை விடுத்தன. கணனித் திரையில் சைகை செய்யும் பொம்மை உருவங்கள் முன்கூட்டியே அமைத்த மாறா அறிவித்தல்களுக்குப் பயன்படலாம். உயிருள்ள மொழிபெயர்ப்பாளருக்கு ஈடாக அவற்றை வைத்தலாகாது என்றன. விமானநிலைய அறிவித்தலுக்கும் வைத்தியசாலை உரையாடலுக்கும் உள்ள வேறுபாட்டை இதனிலும் தெளிவாகக் கூறமுடியாது.

நாம் இயந்திரத்தை வெறுப்பவர்களல்லர். 2023இல் வெளிவந்த ஒரு திரட்டு வேறு வழியைக் காட்டுகின்றது. அமெரிக்காவில் 52 பேர் தம் வீடுகளிலிருந்தே, தம் சம்மதத்தோடு, தாமே கமரா முன் நின்று 2,731 சைகைகளைப் பதிவுசெய்தனர். ஏறக்குறைய 84,000 காணொளிகள். அவர்களுட் பெரும்பாலோர் செவிப்புலனற்றோர் அல்லது கேள்வி குறைந்தோர். ஆய்வுக்குழுவிலும் செவிப்புலனற்ற ஆய்வாளர் இருந்தனர். கணனிக்கு அவர்கள் இட்ட வேலையும் அடக்கமானது: கமராவின் முன் ஒரு சைகையைக் காட்டினால் அகராதியில் அதனைத் தேடித்தரவேண்டும். ஸ்டோக்கியும் அவருடைய தோழர் இருவரும் 1965இல் அச்சிட்ட அகராதி செய்ய முயன்ற அதே வேலை.

மிலான் தீர்மானங்களை 2010இல் வன்கூவரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மகாநாடு நிராகரித்து, அவற்றால் விளைந்த கேட்டுக்கு வருத்தம் தெரிவித்தது. இத்தாலிய அரசு தன் நாட்டுச் சைகைமொழியைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது 2021 மே மாதத்தில்.

எமது மாணவன் பாடசாலையை விட்டு இப்போது தச்சு வேலை செய்கின்றான். அண்ணனும் தங்கையும் தமக்குள் வழங்கிய சைகைகளில் ஏழெட்டை, காலந்தாழ்த்தி, அத்தங்கையிடமே கேட்டுக் கற்றுக்கொண்டோம். சிலவற்றை அவள் மூன்று முறை திருத்தவேண்டியிருந்தது. கை சரியாயிருந்தபோதும் எமது முகம் பிழையாம். மழைக்கு அவர்கள் காட்டும் சைகையில் விரல்களோடு கண்களும் சேர்ந்து இடுங்கும். ஓலைக்கூரை ஒழுகும் வீட்டு மழை அது என்று விளக்கினாள். வெளியே பெய்யும் மழைக்கு அவர்களிடம் வேறு சைகை உண்டு.